தில்லியின் தூண்களுக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: நாடாளுமன்றத்துக்குப் புதிய கட்டடம் எதற்கு என்ற கேள்வி எழுந்தபோது, மத்திய அரசு பல காரணங்களை முன்வைத்தது. இட நெருக்கடி, பழுதடைந்த குழாய்கள், தீத்தடுப்பு வசதிக் குறைவு ஆகியவற்றோடு நிலநடுக்க அபாயமும் அந்தப் பட்டியலில் இருந்தது. பழைய கட்டடம் எழுப்பப்பட்டபோது நிலநடுக்க வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்தில் இருந்த தில்லி, இப்போது நான்காம் மண்டலத்தில் இருக்கிறது என்பது அரசின் வாதம்.

பழைய கட்டடம் திறக்கப்பட்டது 1927 ஜனவரியில். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானம் குறித்த முதல் இந்தியத் தர நெறிமுறை வெளிவந்தது 1962-இல். ஆகவே, அப்போது தில்லி எந்த மண்டலத்தில் இருந்தது என்ற கேள்விக்கே பெரிய பொருளில்லை. ஆயினும், வாதத்தின் சாரம் சரியானதே. காலப்போக்கில் அபாயம் குறித்த அறிவு கூடுகிறது. கட்டடம் அப்படியே நின்றுவிடுகிறது. இந்த வாதங்களைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. 2023 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய கட்டடம், ஐந்தாம் மண்டலத்துக்குரிய அதிர்வையும் தாங்கும் என்று அரசு தெரிவித்தது.

அதே ஆண்டு டிசம்பரில், அந்தப் புதிய அவைகளில் நடந்த குளிர்காலக் கூட்டத் தொடரில் ஒரு சிறிய மசோதா நிறைவேறியது. தில்லியில் விதிகளை மீறி எழுந்த கட்டடங்களை இடிக்காமலும் சீல் வைக்காமலும் காக்கும் சிறப்புச் சட்டத்தின் ஆயுளை அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. இரு நிகழ்வுகளுக்கும் இடையே ஏழு மாத இடைவெளிதான். தமது கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கவலைப்பட்ட அவை, நகரத்தின் இதர கட்டடங்கள் குறித்து அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

நீளும் சட்டம்: இந்தச் சட்டத்தின் வரலாறு 2006-இல் தொடங்குகிறது. குடியிருப்புப் பகுதிகளில் நடந்த வணிகப் பயன்பாட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சீல் வைப்பு நடவடிக்கைக்கு உத்தரவிட்டபோது தலைநகரம் கொந்தளித்தது. உடனடி நிவாரணமாக ஓராண்டுக்கு மட்டும் என்று கூறி ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அது 2007-இலும், 2009-இலும், 2011-இலும் வெவ்வேறு பெயர்களில் மறுபிறவி எடுத்தது. 2011-இன் இரண்டாவது சட்டம் 2014 இறுதியிலும், பின்னர் 2017 இறுதியிலும் காலாவதியாக இருந்து, ஒவ்வொரு முறையும் மூன்றாண்டு நீட்டிப்பு பெற்றது. 2020 டிசம்பரில் அவசரச் சட்டம் மூலம் நீட்டிக்கப்பட்டது. மத்தியில் ஆட்சி மாறியபோதும் நீட்டிப்பு மாறவில்லை. தில்லியின் வாக்காளர்களில் பெரும் பகுதியினர் இத்தகைய வீடுகளில் வசிக்கும்போது, எதிர்த்து வாக்களிக்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை என்பது இயல்பே.

அந்த மக்களின் கோரிக்கையிலும் நியாயம் உண்டு. நகருக்கு உழைக்க வந்தவர்களுக்குத் தேவையான அளவு மனைகளையோ வீடுகளையோ தில்லி வளர்ச்சி ஆணையம் அளிக்கவில்லை. அவர்கள் கிடைத்த இடத்தில் கட்டிக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் நிறைவேறிய மற்றொரு சட்டம் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளில் வசிப்போருக்குச் சொத்துரிமை வழங்க வழி செய்தது. பட்டா கிடைத்தது, அல்லது கிடைக்கும் வழி பிறந்தது. ஆனால் பட்டாவுக்குரிய வீட்டின் தூண் எத்தகையது என்பதை அந்தச் சட்டம் கேட்கவில்லை.

2025 பிப்ரவரி 17-ஆம் தேதி அதிகாலை 5.36 மணிக்கு அந்தக் கேள்வி நினைவூட்டப்பட்டது. தில்லியின் தௌலா குவான் பகுதியில், தரைக்கு 5 கிலோமீட்டர் கீழே மையம் கொண்ட 4.0 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் நகரை உறக்கத்திலிருந்து எழுப்பியது. பெரும் சேதம் எதுவுமில்லை. மக்கள் தெருவுக்கு ஓடி வந்து, அரை மணி நேரம் நின்று, வீடு திரும்பினர். அதே ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஹரியாணாவின் ஜஜ்ஜர் அருகே 4.4 அளவில் மீண்டும் ஓர் அதிர்வு. இவை சிறியவை. 1720-இல் தில்லியில் நிகழ்ந்ததும், 1803-இல் கர்வால் மலைப்பகுதியில் தோன்றி குதுப் மினாரின் உச்சிக் குமிழை வீழ்த்தியதும் சிறியவை அல்ல. இமயமலை அடிவாரம் தில்லியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில்தான் தொடங்குகிறது.

அந்தத் தொலைவு பாதுகாப்பு அளிக்குமா என்பதற்கு ஆமதாபாத் விடை சொல்லியிருக்கிறது. 2001 ஜனவரி 26-ஆம் தேதி காலை 8.46 மணிக்கு கட்ச் பகுதியில் நிகழ்ந்த 7.7 அளவிலான நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து அந்நகரம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. எனினும் அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவை மண் வீடுகள் அல்ல. பொறியாளர் வரைபடத்தோடு, கான்கிரீட்டில், நடுத்தர வர்க்கத்துக்காகக் கட்டப்பட்டவை. விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஓர் அடையாளம் இருந்தது. தரைத்தளத்தில் சுவர்களே இல்லை. கார் நிறுத்த இடம் விட்டு, வெறும் தூண்களின் மேல் நான்கைந்து மாடிகள் நின்றன. மேல்தளங்கள் செங்கல் சுவர்களால் பெட்டிபோல விறைப்பாக இருக்க, அதிர்வின் அசைவு முழுவதும் கீழ்த்தளத்துத் தூண்களின் தலையில் இறங்கியது.

தூணுக்குள் நடப்பது என்ன?: கான்கிரீட் தூணில் இருவகைக் கம்பிகள் உண்டு. நெடுக்காக நிற்கும் பிரதானக் கம்பிகள். அவற்றைச் சுற்றிக் கட்டப்படும் வளையங்கள். கம்பி கட்டுவோர் இவற்றை ரிங் என்பார்கள். வழக்கமான நாள்களில் எடையைச் சுமப்பவை நெடுக்குக் கம்பிகளும் கான்கிரீட்டும்தான். வளையங்களுக்குப் பெரிய வேலையில்லை. அதனால்தான் சிக்கனம் செய்ய நினைக்கும் கட்டுமானக்காரரின் கை முதலில் வளையத்தின் மீது விழுகிறது. ஓர் அங்குலத்தைக் கூட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

நிலம் பக்கவாட்டில் அசையும்போது நிலைமை தலைகீழாகிறது. தூணின் மேல் முனையும் கீழ் முனையும் மாறி மாறி வளைக்கப்படுகின்றன. வெளிப்புறக் கான்கிரீட் பூச்சு முதலில் உதிர்கிறது. வளையங்கள் நெருக்கமாக இருந்தால் உள்ளிருக்கும் கான்கிரீட் நொறுங்கினாலும் இடம்பெயராது. கயிறு இறுக்கிக் கட்டிய விறகுக் கட்டுபோலத் தொடர்ந்து சுமை தாங்கும். வளையங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கி வளைகின்றன, உள்ளிருக்கும் கான்கிரீட் சல்லியாகக் கொட்டுகிறது, தூண் குட்டையாகி மாடி இறங்குகிறது. தளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பளக் கட்டுபோலப் படிந்து கிடக்கும் புகைப்படங்கள் இந்தச் சில விநாடிகளின் விளைவே.

தூணின் இரு முனைகளிலும் வளையங்களின் இடைவெளி 10 சென்டிமீட்டரை மிஞ்சக் கூடாது, வளையத்தின் முனை 135 பாகை உள்நோக்கி மடிக்கப்பட வேண்டும் என்று 1993-இல் வெளிவந்த ஐ.எஸ். 13920 நெறிமுறை வரையறுத்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் தூணின் குறைந்தபட்ச அகலத்தையும் 30 சென்டிமீட்டராக நிர்ணயித்தது. தில்லியின் தெருக்களில் எழுந்த எண்ணற்ற கட்டடங்களில் தூணின் அகலம் 23 சென்டிமீட்டர், அதாவது ஒன்பது அங்குலம். செங்கல் சுவரும் ஒன்பது அங்குலம் என்பதால் தூண் சுவருக்குள் மறைந்து அறை அழகாகத் தெரியும் என்பதே காரணம். வளைய இடைவெளி எவ்வளவு என்பது பூச்சுக்குள் புதைந்திருக்கும் இரகசியம்.

இப்படிப்பட்ட தூணை இடிக்காமலேயே வலுப்படுத்த முடியும். கான்கிரீட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய வளையத்தை வெளியிலிருந்து போடுவதுதான் வழி. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா இறுக்கும் கொல்லர் அறிந்த தத்துவமே இது.

முதலில் தூணின் மேலுள்ள சுமையின் ஒரு பகுதியை ஜாக்கிகளும் முட்டுகளும் கொடுத்துத் தாங்குகிறார்கள். சுண்ணாம்பும் சிமென்ட் பூச்சும் உரிக்கப்படுகின்றன. தளர்ந்த கான்கிரீட் தட்டி அகற்றப்பட்டு, துருப்பிடித்த கம்பிகள் சுத்தம் செய்யப்படுகின்றன. விரிசல்களுக்குள் இப்பாக்சி பிசின் செலுத்தப்படுகிறது. பிறகு குறைந்தது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடுகளை எல் வடிவில் மடித்து, இரு பக்கங்களிலிருந்தும் தூணைச் சுற்றி நிறுத்தி, சந்திக்கும் விளிம்புகளை உயரம் முழுவதும் வெல்டிங் செய்கிறார்கள். தகட்டுக்கும் தூணுக்கும் இடையில் சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விடப்பட்டு, சுருங்காத சிமென்ட் குழம்பு அழுத்தத்துடன் நிரப்பப்படுகிறது. இந்தக் குழம்புதான் முக்கியம். அது முழுமையாக நிரம்பாவிட்டால் தகடு தூணுக்குப் போட்ட தளர்ந்த சட்டையாகிவிடும். தூண் பிதுங்கும்போது பிடிக்க வேண்டிய கை பிடிக்காது.

இதைவிடச் செலவு குறைந்த முறை ஒன்றும் உண்டு. தூணின் நான்கு மூலைகளிலும் ஆங்கிள் இரும்புகளை நிறுத்தி, அவற்றைக் குறுகிய பட்டைத் தகடுகளால் ஏணிப்படிபோல இணைத்துக் கூண்டாக்குவது. 1985 செப்டம்பரில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு மெக்சிகோ நகரில் சேதமுற்ற கட்டடங்களைச் சீரமைக்க இந்தக் கூண்டு முறை பயன்பட்டது. அந்த நிலநடுக்கத்தின் மையமும் நகரிலிருந்து 350 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளியே இருந்தது என்பது தில்லிக்காரர்கள் கவனிக்க வேண்டிய தகவல். பழைய ஏரிப்படுகையின் மென்மண் அதிர்வைப் பெருக்கியது. யமுனையின் கிழக்குக் கரையில் லட்சுமி நகர் முதல், தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் மயூர் விஹார் வரையுள்ள பகுதிகள் நிற்பதும் ஆற்று வண்டலின் மீதுதான்.

எஃகுத் தகடு தில்லிக்குப் பொருந்துவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தூணைச் சுற்றிப் புதிய கான்கிரீட் போர்வை போடுவது மற்றொரு வழி. ஆனால் 2013-இல் வெளியான ஐ.எஸ். 15988 நெறிமுறைப்படி அந்தப் போர்வை ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒன்பது அங்குலத் தூண் பதினேழு அங்குலமாகப் பருத்துவிடும். இரண்டு தூண்களுக்கு நடுவே கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு கார் நுழைக்கும் தில்லிவாசி இதற்கு எளிதில் சம்மதிக்க மாட்டார். தகடு சில சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது.

பரிசோதிக்கப்பட்ட முறை: கலிஃபோர்னியாவில் 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் ஓக்லாண்டின் இரண்டடுக்கு சைப்ரஸ் மேம்பாலம் சரிந்து 42 பேர் இறந்தனர். அதன்பின் மாநிலப் போக்குவரத்துத் துறை பழைய பாலங்களின் தூண்களுக்கு எஃகுச் சட்டை அணிவிக்கும் பணியை முடுக்கிவிட்டது. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் அவை சோதிக்கப்பட்டிருந்தன. 1994 ஜனவரி 17-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் அருகே நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் தாக்கியபோது ஏழு பாலங்கள் சரிந்தன. சட்டை அணிந்த தூண்களைக் கொண்ட பாலம் எதுவும் விழவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17-ஆம் தேதி, ஜப்பானின் கோபே நகரில் 6,400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில் ஹான்ஷின் விரைவுச் சாலையின் 600 மீட்டருக்கும் அதிகமான பகுதி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. அதன்பின் ஜப்பானில் ரயில் பாதைகளையும் உயர்மட்டச் சாலைகளையும் தாங்கும் தூண்களுக்கு எஃகுத் தகடு போர்த்துவது நாடு தழுவிய பணியாயிற்று.

இது சர்வரோக நிவாரணி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தூணை மட்டும் வலுவாக்கினால் விசை அடுத்த தூணைத் தேடிப் போகும். தூணும் உத்தரமும் சந்திக்கும் மூட்டு பலவீனமாக இருந்தால், தகடு எட்டாத அந்த இடத்தில் முறியும். அஸ்திவாரம் போதாதென்றால் மேலே என்ன செய்தும் பயனில்லை. தகட்டின் மேல் முனையையும் கீழ் முனையையும் உத்தரத்தோடும் தரையோடும் முட்டவிடாமல் சிறு இடைவெளி விடுவதும் இந்த எச்சரிக்கையால்தான். இல்லையேல் தூண் கூடுதல் விறைப்பு பெற்று அழுத்தத்தை அஸ்திவாரத்துக்குத் தள்ளிவிடும். எஃகு துருப்பிடிக்கும், தீயில் இளகும், அதற்கான பூச்சுகள் தேவை. தூண்களோடு சில இடங்களில் சுவர்களும் குறுக்கு எஃகுச் சட்டங்களும் சேர்க்க வேண்டியிருக்கும். எந்தக் கட்டடத்துக்கு எது என்பதைக் கணக்கிட்டே தீர்மானிக்க முடியும். வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்து நான்கு தூண்களுக்குத் தகடு அடித்துவிட்டு நிம்மதியாக உறங்கும் விஷயமல்ல இது.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை: தொழில்நுட்பம் தெரியாததால் தில்லி காத்திருக்கிறது என்று எவரும் கூற முடியாது. மத்தியப் பொதுப்பணித் துறை, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் துணையோடு பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதற்கான விரிவான கையேட்டை 2007-இலேயே வெளியிட்டது. தர நெறிமுறை 2013-இல் வந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டி 2014-இல் வந்தது. அதற்கும் முன்பே, 2005-ஐ ஒட்டி, அமெரிக்க உதவியுடன் தில்லி அரசு ஐந்து கட்டடங்களை முன்னோடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது. தில்லித் தலைமைச் செயலகம், காவல் துறைத் தலைமையகம், குரு தேக் பகதூர் மருத்துவமனை, கோட்ட ஆணையர் அலுவலகம், லட்லோ காஸில் பள்ளி ஆகியவையே அவை. பள்ளியில் வேலை நடந்து முடிந்தது. மாணவர்கள் படிக்கும் கட்டடத்தை இடிக்காமல் வலுப்படுத்த முடியும் என்பது நிரூபணமாயிற்று. முன்னோடித் திட்டங்கள் முன்னோடிகளாகவே நின்றுவிடுவது தில்லிக்குப் புதிதல்ல.

நீதிமன்றமும் முயன்றது. 2015-இல் வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கட்டடங்களைச் சீராக்கும் செயல்திட்டம் எங்கே என்று தில்லி உயர் நீதிமன்றம் மாநில அரசையும் மாநகராட்சிகளையும் திரும்பத் திரும்பக் கேட்டது. 2020 ஏப்ரல் தொடங்கித் தலைநகரைச் சுற்றிச் சிறு அதிர்வுகள் தொடர்ந்தபோது கேள்வி மேலும் கூர்மையாயிற்று. 2001-க்கு முந்தைய கட்டடங்களின் உறுதியைப் பொறியாளர்களைக் கொண்டு தணிக்கை செய்யுமாறு மாநகராட்சிகள் உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்பின. தணிக்கையில் தூண் பலவீனம் என்று தெரிந்தால் அடுத்து என்ன, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு நோட்டீஸில் பதிலில்லை. பதிலில்லாத கேள்வியை வீட்டுக்காரர் ஏன் தேடிப் போவார்?

இங்குதான் சிக்கலின் மையம் இருக்கிறது. தில்லியில் தனி வீட்டை இடித்து, அதே மனையில் நான்கு தளங்கள் எழுப்பி, தளத்துக்கு ஒருவராக விற்பது வழக்கம். நான்கு தளத்துக்கு நான்கு உரிமையாளர்கள். கட்டியவர் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். கீழே நிற்கும் தூண்கள் யாருடையவை? மேல்தளக்காரர் தனக்குச் சம்பந்தமில்லை என்பார். தரைத்தளத்தில் கார் நிறுத்துபவர் தனக்கு மட்டும் ஏன் செலவு என்பார். விழும்போது மட்டும் தூண் அனைவருக்கும் பொதுவாகிவிடும். துவாரகா, பட்பர்கஞ்ச் பகுதிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் பொதுக்குழு என்ற ஓர் அமைப்பாவது உண்டு. அங்கு தீர்மானம் போட்டுப் பணம் திரட்ட வழியிருக்கிறது. சந்துகளில் நிற்கும் நான்கு மாடி வீடுகளில் அதுவும் இல்லை. அங்கீகாரமற்ற காலனிகளிலோ பெரும்பாலான கைமாற்றங்கள் பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடந்தவை. அத்தகைய பத்திரம் உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்திவிட்டது. முறையான பத்திரமில்லாத வீட்டின் தூணுக்கு எந்த வங்கியும் கடன் தராது.

அரசின் சொந்த விதியும் முரண்படுகிறது. தரைத்தளத்தைக் கார் நிறுத்தத்துக்காகத் தூண்களோடு திறந்து விட்டால் கட்டடம் 17.5 மீட்டர் வரை உயரலாம். இல்லையேல் 15 மீட்டர்தான் என்பது தில்லியில் வகுக்கப்பட்ட விதி. தெருக்களில் வாகன நெரிசலைக் குறைப்பது நோக்கம். ஆனால் ஆமதாபாத்தில் விழுந்த வடிவத்துக்கே இரண்டரை மீட்டர் பரிசு என்றாகிவிட்டது. அத்தகைய திறந்த தளத்தின் தூண்கள் வழக்கமான விசையைப்போல் இரண்டரை மடங்கைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு நெறிமுறை கூறியது உண்மை. வரைபடத்தில் இருக்கும் அந்த இரண்டரை மடங்கு, கட்டுமான இடத்தில் இருந்ததா என்பதை நேரில் போய்ப் பார்க்கும் பொறியாளர்கள் மாநகராட்சியிடம் எத்தனை பேர்?

விதிவிலக்கான தலைநகர்: நாடாளுமன்றம் 2025 மார்ச்சில் பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகள் உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க அது வழி செய்தது. விவாதம் நீண்டது, ஆனால் மத்திய, மாநில அதிகாரப் பகிர்வைப் பற்றியே பெரும்பாலான உறுப்பினர்கள் பேசினர். அந்தப் பிரிவிலிருந்து தில்லியும் சண்டீகரும் விலக்கப்பட்டிருப்பது அதிகம் கவனிக்கப்படவில்லை. நிலம் மத்திய அரசின் வளர்ச்சி ஆணையத்திடம், கட்டட அனுமதி மாநகராட்சியிடம், பேரிடர் மேலாண்மை துணைநிலை ஆளுநர் தலைமையிலான ஆணையத்திடம் என்று பிரிந்து கிடக்கும் நகரில், தூண் விஷயத்தில் ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டுவதற்கு வசதி அதிகம். கட்டட ஒழுங்குமுறை மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு என்று மற்ற மாநிலங்களைக் குறித்து மத்திய அரசு சொல்லிவிடலாம். தில்லியின் இடிப்புத் தடையைத் தானே சட்டமாக்கிய பிறகு, தில்லியைப் பற்றி அப்படிச் சொல்வது கடினம்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? கோபே நிலநடுக்கம் நிகழ்ந்த ஆண்டிலேயே ஜப்பான் நாடாளுமன்றம் பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதை ஊக்குவிக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1981-க்கு முந்தைய கட்டடங்கள் அதன் இலக்கு. பரிசோதனைக்கும் பணிக்கும் மானியம் தரப்பட்டது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் பெரிய விடுதிகள், மருத்துவமனைகள், கடைகளுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியதோடு, முடிவைப் பகிரங்கமாக வெளியிடவும் செய்தது. தண்டனையைவிட அந்த வெளியீடே அதிக வேலை செய்திருக்கும். பொதுப் பள்ளிகளில் 2002-இல் பாதிக்கும் குறைவான கட்டடங்களே உறுதியானவையாக இருந்தன. 2015-இல் அது 95 சதவீதத்தைத் தாண்டியது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் 2015-இல் பழைய கான்கிரீட் கட்டடங்களை வலுப்படுத்த 25 ஆண்டு கெடு விதித்தது. கெடு நீளமானதுதான், ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

துருக்கி எதிர்த் திசையில் சென்றது. விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு மன்னிப்பளிக்கும் திட்டத்தை அந்நாடு 2018-இல் அறிமுகப்படுத்தியது. கட்டடத்தின் உறுதிக்கு உரிமையாளரே பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கான கட்டடங்களுக்குச் சான்றிதழ் தரப்பட்டது. 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி நிகழ்ந்த நிலநடுக்கங்களில் துருக்கியில் மட்டும் 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விழுந்தவை அனைத்தும் மன்னிக்கப்பட்டவை அல்ல. அனுமதி பெற்றவையும் விழுந்தன. எனினும், மன்னிப்புக்குப் பதிலாக அரசு கேட்டது பணத்தை மட்டுமே என்பது அங்கு கடும் கண்டனத்துக்குள்ளானது. தில்லியின் நீட்டிப்புகள் துருக்கியின் மன்னிப்போடு முற்றிலும் ஒத்தவை அல்ல. ஆனால் தொலைவும் அதிகமில்லை.

கட்டாயம் விதிப்பதில் உள்ள ஆபத்துகளும் கற்பனையானவை அல்ல. பாதுகாப்புச் சான்றிதழ் என்ற பெயரில் மாநகராட்சி ஊழியருக்கு மற்றொரு வசூல் வாய்ப்பு திறக்கலாம். வீட்டுக்காரர் செலவைக் குடித்தனக்காரர் தலையில் கட்டலாம். கிழக்கு தில்லியில் 25 கஜ மனையில் நான்கு மாடி கட்டி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கும் சிறு உரிமையாளரிடம் தகடு வாங்கும் பணமே இருக்காது. சில கட்டடங்கள் வலுப்படுத்தும் நிலையையும் தாண்டியவை. 2010 நவம்பரில் லட்சுமி நகர் லலிதா பார்க்கில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து சுமார் 70 பேர் இறந்தபோது நிலம் அதிரவே இல்லை. கூடுதலாக எழுப்பிய மாடிகளும் அடித்தளத்தில் தேங்கிய நீரும் போதுமானவையாக இருந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிற மாநிலங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும்.

அதனால் எல்லாக் கட்டடங்களையும் ஒரே நாளில் என்பது நடக்காத காரியம். வரிசைப்படுத்துவது நடக்கக் கூடியது. பள்ளிகள், மருத்துவமனைகள், தீயணைப்பு நிலையங்கள் முதலில். திறந்த தரைத்தளம் கொண்ட அடுக்ககங்கள் அடுத்து. இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்கக் கருவிகூடத் தேவையில்லை. தெருவில் நின்று பார்த்தாலே தெரியும். அவற்றில் வலுப்படுத்த வேண்டியதும் பெரும்பாலும் கீழ்த்தளத்துத் தூண்களையே என்பதால், குடியிருப்போரை வெளியேற்றாமல் வேலை செய்யலாம். சொத்துவரிச் சலுகை, குறைந்த வட்டிக் கடன், உரிமைப் பத்திரம் பதியும்போதே தூண் தணிக்கை அறிக்கையை இணைக்கும் நிபந்தனை எனப் பல கருவிகள் அரசின் கையில் உள்ளன. அவற்றுள் கடைசியானதற்குப் புதிய துறையோ புதிய ஆணையமோ தேவையில்லை. இருக்கும் சட்டங்களில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்.

2014, 2017, 2020, 2023 ஆகிய நான்கு ஆண்டுகளில் வந்த நீட்டிப்புகளும் முக்கியமாக மாற்றியது சட்டத்திலுள்ள தேதியைத்தான். விதிமீறிய கட்டடங்களைக் காப்பதற்கு ஈடாக, திறந்த தரைத்தளத் தூண்களை இத்தனை ஆண்டுகளுக்குள் வலுப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அவற்றில் இல்லை. அவ்வாறு ஒரு நிபந்தனையைச் சேர்க்கும் அதிகாரம் தில்லி அரசுக்கோ மாநகராட்சிக்கோ இல்லை. அது ஐந்தாம் மண்டல அதிர்வைத் தாங்கும் கட்டடத்தில் அமர்ந்திருக்கும் இரு அவைகளிடமே இருக்கிறது.